நட்சத்திரம் வந்து போன பின் எஞ்சுவது என்ன?



எங்கள் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கினால் ஒரு கேள்வி தவறாமல் எழும். இவ்வாண்டு யாரை அழைப்பது? பெயர் பெற்ற ஒருவர் வந்தால் கூட்டம் கூடும், நன்கொடை சேரும் என்பர் ஒரு சாரார். அப்பணத்தில் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கலாமே என்பர் மறு சாரார். இதே வழக்கு குழிப்பந்தாட்ட உலகில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அதனைச் சற்று ஆராய்வோம்.

2009-ஆம் ஆண்டு மெல்பர்னில் நடைபெற்ற ஆஸ்திரேலிய மாஸ்டர்ஸ் போட்டிக்கு டைகர் வூட்ஸ் அழைக்கப்பட்டார். வந்து ஆடுவதற்கு மட்டும் அவருக்கு 3 மில்லியன் அமெரிக்க டாலர். அதில் ஏறத்தாழ பாதியை விக்டோரியா மாநில அரசே ஏற்றது. ஆட்டக்காரர்கள் அனைவருக்குமான மொத்தப் பரிசுத் தொகையோ 1.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர்தான்! நுழைவுச் சீட்டுகள் முழுமையாக விற்றுத் தீர்ந்தன. வூட்ஸ் வெற்றியும் பெற்றார்.

செலவுக்கு மேல் வரவு உண்டு என்றது அரசு. ஆயினும், உள்ளூர்வாசி சீட்டுக்குச் செலவிட்ட பணம், போட்டி இல்லாதிருந்தால் அதே ஊரின் வேறொரு கடையில் செலவாகியிருக்கும். அதனைப் புதிய வருமானமாகக் கணக்கிடலாகாது. வெளியூரார் கொணர்ந்ததே உண்மையான வரவு.

நம் நாட்டிற்கும் அவர் வந்திருக்கிறார். 1999-இல், முன்னாள் ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்த மைன்ஸ் திடலில், மார்க் ஓமீராவுடன் இணைந்து அமெரிக்காவிற்கு உலகக் கிண்ணம் வென்று தந்தார். 2012-இல் அதே திடலில் சிஐஎம்பி கிளாசிக் போட்டியில் ஆடினார். வென்றவர் நிக் வாட்னி. உலகத் தொலைக்காட்சிகளில் கோலாலம்பூரின் பெயர் ஒலித்தது, அது நன்மையே. ஆனால் 2018-க்குப் பின் அப்போட்டி நடைபெறவில்லை. விளம்பரத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. ஜெனிபர் பிரவுன் எனும் பொருளியல் ஆய்வாளர் 2011-இல் ஓர் ஆய்வினை வெளியிட்டார். வூட்ஸ் பங்கேற்ற போட்டிகளில் மற்றவர்களின் ஆட்டம் சராசரியாகச் சற்றுத் தாழ்ந்தது என்பது அவர்தம் முடிவு. முதல் இடம் முன்னரே முடிவாகிவிட்டது என எண்ணுபவர் முழு முயற்சி எடுப்பதில்லை என்று அவர் விளக்கினார். அதனை மறுத்தும் பின்னர் ஆய்வுகள் வந்தன. எனினும், என் வகுப்பறையில் அவ்வெண்ணத்தை நான் நாள்தோறும் காண்கிறேன். எப்பொழுதும் ஒரே மாணவி கை உயர்த்தும் பாடத்தில், நன்கு அறிந்த மற்றொருத்தி கையைத் தூக்குவதேயில்லை. அவளிடம் பெயர் சொல்லிக் கேட்டால் விடை வருகிறது!

ஆகவே, நட்சத்திரத்தை அழைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று வினாக்களை முன்வைக்கிறேன். செலவு யாருடைய பணம்? ஆதரவாளர் தருவது வேறு; தோட்டத்தில் உழைக்கும் தாய் தந்த பத்து ரிங்கிட் வேறு. வருபவர் மேடையில் மாலை வாங்கிச் செல்வாரா, திடலில் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் ஓடுவாரா? மறுவாரம் திங்கட்கிழமை பள்ளியில் என்ன எஞ்சியிருக்கும்?

மூன்றாவது வினாவே எனக்கு முதன்மையானது. சிறப்பு விருந்தினருக்கு ஒரு ரிங்கிட் செலவிட்டால், பயிற்சிக்கும் ஒரு ரிங்கிட் ஒதுக்குவோம். நீளம் தாண்டும் குழிக்குப் புதிய மணல் வேண்டும். அஞ்சல் ஓட்டத்தில் இறுதியாக வரும் பிள்ளைக்கும் பொருந்தும் காலணி வேண்டும். அவை இருந்தால், யார் வந்து போனாலும் நம் பிள்ளைகள் ஓடுவார்கள்.

உங்கள் பள்ளியில் எவ்வாறு முடிவெடுக்கிறீர்கள்? அறிய ஆவலாயுள்ளேன்.