செலவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, மீதியைப் பாருங்க



ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்குது. கோயில் கணக்கை எக்செல்லில் ஏற்றும் தொண்டர்களில் நானும் ஒருவன். "எந்த விசேஷத்துல கோயிலுக்குக் கைநட்டம்?" என்று பலர் கேட்கிறீங்க. கேட்கிறவங்களே "தைப்பூசம்தானே?" என்றும் சொல்லிடுறீங்க. பந்தல், மேளம், அன்னதானம் என்று செலவு கண்ணுக்குத் தெரியுது. ஆனா செலவு பெருசா இருந்தா நட்டமும் பெருசா இருக்கணும்னு இல்ல.

நான் சூப்பர்வைசரா இருக்கிற ஃபேக்டரியிலயும் இப்படித்தான். அதிகமா பொருள் செய்யற லைன்லதான் ரிஜெக்ட் எண்ணிக்கையும் அதிகமா இருக்கும். நூத்துக்கு எத்தனை ரிஜெக்ட்னு கணக்குப் போட்டு வரிசைப்படுத்தினா, வேற லைன் முதல்ல வந்து நிக்கும்.

கோயிலுக்கு ஓர் உதாரணம் சொல்றேன். தைப்பூசத்துக்குச் செலவு 18,000 வெள்ளி, உபயம் 19,500 வெள்ளின்னு வச்சுக்குவோம். மீதி 1,500. பிரதோஷத்துக்கு ஒவ்வொரு தடவையும் செலவு 200, வரவு 140. அறுபது வெள்ளிதானே குறையுதுன்னு யாரும் கவனிக்க மாட்டாங்க. மாசத்துக்கு ரெண்டு பிரதோஷம், வருஷத்துக்கு 24 தடவை. துண்டு விழுவது 1,440 வெள்ளி!

கணக்குப் பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு: பிவட் டேபிள் போட்டா வரவும் செலவும் விசேஷம் வாரியா தானா கூடி வரும். மீதியை டேபிளுக்கு வெளியே ஃபார்முலாவா போடாதீங்க. டேபிளை சோர்ட் பண்ணும்போது அது கூடவே நகராது. உள்ளேயே போடுங்க. பிவட் டேபிள் அனலைஸ் போய், ஃபீல்ட்ஸ் ஐட்டம்ஸ் அண்ட் செட்ஸ், அதுல கால்குலேட்டட் ஃபீல்ட். பேர் "மீதி". வரவில் செலவைக் கழிச்சா போதும்.

பிறகு மீதி வரிசையில் ஏதாவது ஓர் எண் மேல ரைட் கிளிக், சோர்ட், ஸ்மாலஸ்ட் டு லார்ஜஸ்ட். துண்டு விழும் பூஜைங்க எல்லாம் மேல வந்துடும்.

அதை மட்டும் தனியா பார்க்கணுமா? மீதியை ஃபில்டர் பெட்டிக்குள்ள இழுத்துப் போட முடியாது. விசேஷங்களோட பேர் இருக்கிற வரிசையின் தலைப்புல சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி, வேல்யூ ஃபில்டர்ஸ், லெஸ் தென், மீதி, 0 என்று கொடுங்க. புதுசா ரசீது ஏற்றினா ரிஃப்ரெஷ் அழுத்தணும்.

இதுல ஒரு முக்கியமான விஷயம். ஃபில்டர் போட்டதும் அடியில இருக்கிற மொத்தமும் மாறிடும். கண்ணுக்குத் தெரியற வரிசைகளை மட்டும்தான் அது கூட்டும். நட்டப் பட்டியலை மட்டும் திரையில் காட்டி, அதை யாராவது போட்டோ பிடிச்சு வாட்ஸ்அப்ல போட்டா, "கோயிலே நட்டத்துல ஓடுது" என்று ஊரெல்லாம் பேச்சாயிடும். உண்டியலில் ஒரு வெள்ளி போடுற பாட்டியோட நம்பிக்கை அதோட போச்சு. கூட்டத்துல முதல்ல முழுக் கணக்கைக் காட்டுங்க. நட்டப் பட்டியலை அதுக்கப்புறம் காட்டுங்க.

பக்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய விழாவுக்கு உபயம் எடுக்க நிறைய பேர் வர்றீங்க, சந்தோஷம். பிரதோஷ அபிஷேகத்துக்குப் பாலும் இளநீரும் மாலையும் கேட்க ஆள் குறைவு. ரெண்டு குடும்பம் சேர்ந்து ஆளுக்கு முப்பது வெள்ளி எடுத்துக்கிட்டா, மேலே சொன்ன அந்தத் துண்டு அடைஞ்சிடும். அடுத்த பிரதோஷத்துக்கு முன்னாடி கோயில் அலுவலகத்துல பேர் கொடுங்க.

எல்லாரும் நல்லா இருக்கணும். ஓம் நமசிவாய.