கொடிக்கம்பமும் பூட்டு சாவியும்

2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓர் உத்தரவு போட்டது. பொது இடங்களில் நட்டு வைத்திருக்கும் கட்சிக் கொடிக்கம்பங்களை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று. அந்தச் செய்தி வந்த வாரம் சோளக்காடு சந்தையில் மிளகு விலை, காப்பி விலையை விட இதைப் பற்றிய பேச்சுதான் அதிகம். டீக்கடையில் ஒரு பெரியவர், "கம்பத்தைப் புடுங்கிட்டா கட்சி போயிருமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கடைக்காரர் மட்டும் "நிழலுக்கு ஒரு வேப்பங்கன்னு வச்சிருந்தா இந்நேரம் மரமாயிருக்கும்" என்றார்.

அந்தப் பெரியவரின் கேள்வியை நான் இந்தப் பக்கத்தில் எழுதக் காரணம் என் அக்கா மகன். பிக்கப் வண்டி ஓட்டுகிறான். கீழே சேந்தமங்கலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வாழைத்தார், அன்னாசி ஏற்றிப் போகிறவன். ஒரு கட்சிக்காரர்கள் அவனை பூத் ஏஜெண்டாக இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கட்சி என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் மீதியைப் படிக்கமாட்டீர்கள். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று வந்து உட்கார்ந்தான். அக்கா அதற்குள் ஆள் அனுப்பிவிட்டாள், "அவனுக்குப் புத்தி சொல்லு" என்று.

முப்பத்திநான்கு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்குக் கேள்வி கேட்டால் பாடம் எடுக்காமல் இருக்க முடியாது. அன்றைக்கு அவனிடம் சொன்னது பாதி, பிறகு யோசித்தது பாதி.

என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்சிகளின் பெயரும் தெரியாது. அவருக்குக் காங்கிரஸ் என்றால் காளை மாடு. தி.மு.க. என்றால் சூரியன். எம்.ஜி.ஆர். 1972-ல் தனியாகப் போன பிறகு இலை வந்தது. காங்கிரஸ் காளையை விட்டுப் பசுவும் கன்றுமாகி, பிறகு கையானபோது அவர் ரொம்பக் கோபப்பட்டார், "மாட்டை எங்கடா ஓட்டிட்டாங்க" என்று. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் சின்னம் கொடுத்தார்கள். எங்கள் மலையில் கட்சி என்பது கொள்கையாக வரவில்லை. படமாகத்தான் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவிலும் கழுதை, யானை என்று இரண்டு படம் உண்டு. ஆனால் அது தேர்தல் கமிஷன் கொடுத்ததல்ல. தாமஸ் நாஸ்ட் என்ற கார்ட்டூன்காரர் 19ஆம் நூற்றாண்டில் கிண்டலுக்குப் போட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் கட்சி என்ற வார்த்தையே கிடையாது. முதல் ஜனாதிபதி வாஷிங்டன் எந்தக் கட்சியிலும் இல்லை. 1796-ல் பதவியை விட்டுப் போகும்போது, கட்சி மனப்பான்மை நாட்டைக் கெடுத்துவிடும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆனால் அவர் மந்திரி சபைக்குள்ளேயே ஹாமில்டன் ஒரு பக்கம், ஜெபர்சன் ஒரு பக்கம் என்று பிரிந்தாயிற்று. 1800 தேர்தலில் ஒரே கட்சியைச் சேர்ந்த ஜெபர்சனுக்கும் பர்ருக்கும் சரிசமமாக 73 ஓட்டு விழுந்து, யார் ஜனாதிபதி என்று தெரியாமல் திண்டாடி, 1804-ல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது.

நம் அரசியல் சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1950-ல் கட்சிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1985-ல் கட்சித் தாவலைத் தடுக்க 52ஆவது திருத்தம் வந்தபோதுதான் கட்சி உள்ளே நுழைந்தது. அதாவது ஒருவன் கட்சியை விட்டு ஓடும்போதுதான் நம் சட்டத்துக்குக் கட்சி கண்ணில் பட்டது!

"அப்ப கட்சியே இல்லாம இருந்தா நல்லதுதானே மாமா?" என்றான் பயல். அதுதான் அவன் அம்மாவின் கட்சியும்.

இங்கேதான் நான் அவளோடு ஒத்துப்போக முடியவில்லை. கட்சி இல்லாத தேர்தலை நாங்கள் பார்த்தவர்கள். கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். தமிழ்நாட்டுச் சட்டப்படி ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. 2019 டிசம்பரில் நான்கு நிறத்தில் சீட்டுக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கும். தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டுக்கு வெள்ளை. இரண்டிலும் பூட்டு சாவி மாதிரிப் பொதுச் சின்னங்கள். ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். அந்த இரண்டில் மட்டும் கட்சிச் சின்னம்.

பச்சைக்கும் மஞ்சளுக்கும் எங்கள் ஊரில் யாரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. இளஞ்சிவப்புக்குத்தான் வீடு இரண்டானது. அக்காவின் கொழுந்தனார் இருவர், ஒரே அடுப்பில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், எதிரெதிராக நின்றார்கள். கொள்கை இல்லை, கொடி இல்லை, அதனால் பேசுவதற்கு விஷயமும் இல்லை. பங்காளி, மாமன் மச்சான், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பதுதான் பிரச்சாரம். இரவில் பணமும் வேலை செய்தது. மறுவருஷம் என் அத்தான் இறந்தபோது ஒரு தம்பி பந்தலுக்கு உள்ளே, இன்னொரு தம்பி ரோட்டில். கொள்ளி வைக்கிற நேரத்திலும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்கா அதை இன்னும் மறக்கவில்லை. தேர்தல் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம். 1937-லிருந்து அந்த மாநிலச் சட்டசபைக்கு ஒரே அவை, வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. நல்ல ஏற்பாடு என்று படிக்கும்போது தோன்றும். ஆனால் யார் எந்தக் கட்சி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியுமாம். நம் ஊராட்சித் தலைவர்கள் ஜெயித்த மறுநாள் எந்தத் துண்டோடு யாரைப் பார்க்கப் போனார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன?

கட்சி செய்யும் ஒரு காரியத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் சேந்தமங்கலம் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி இருப்பதே இரண்டு தொகுதிதான், இன்னொன்று ஏற்காடு. ஆனால் தொகுதியின் ஓட்டில் பெரும்பகுதி அடிவாரத்தில் இருக்கிறது. மலைக்காரன் ஒருவன் கீழே இறங்கி 'நான் இன்னார் மகன்' என்று சொன்னால் யார் ஓட்டுப் போடுவார்கள்? சின்னத்தைக் காட்டினால் போடுகிறார்கள். 2011-ல் முரசு, 2016-ல் இரட்டை இலை, 2021-ல் உதயசூரியன் என்று மூன்று தேர்தலில் மூன்று சின்னத்தை ஜெயிக்க வைத்த தொகுதி இது. பங்காளிக் கணக்கைத் தாண்டி ஒருவனை நிறுத்த வேறு எந்த ஏணியும் நம்மிடம் இல்லை.

ஆனால் அந்த ஏணி யார் கையில் என்பதுதான் எனக்கு வருத்தம். 2021-ல் அப்போதைய எம்.எல்.ஏ.வுக்கு அவர் கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்றார், தோற்றார். சீட்டுக் கொடுக்காதது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. அதைத் தீர்மானித்தது யார்? விருப்ப மனு சென்னையில், நேர்காணல் சென்னையில். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி யாரும் வந்து நம்மைக் கேட்கவில்லை. அமெரிக்காவில் இதற்கு முதல்நிலைத் தேர்தல் வைக்கிறார்கள். கட்சிக்கு யார் வேட்பாளர் என்பதற்கே மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். 2014-ல் எரிக் கேன்டர் என்பவர், பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தவர், வர்ஜீனியாவில் சொந்தக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் ஒரு கல்லூரிப் பொருளாதார வாத்தியாரிடம் தோற்றுப்போனார். (வாத்தியார் ஜெயித்த கதை என்பதால் எனக்கு மறக்கவில்லை.) அங்கேயும் பணம் கரைபுரண்டு ஓடுகிறது, இரண்டு கட்சியை விட்டால் நாதியில்லை என்கிற நிலைமை. எல்லாம் சரிதான். ஆனாலும் கட்சியின் வாசற்கதவு உள்ளூரில் இருக்கிறது.

இதை எல்லாம் பயலிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, எங்க தெருக் கிழவி பென்ஷன் கதை தெரியுமா?" என்றான். தெரியும். முதியோர் உதவித்தொகை நின்றுபோய் ஒரு வருஷம் அந்தம்மா அலுவலகத்துக்கு நடந்தார். ஆதார் ரேகை விழவில்லை, வங்கிக் கணக்கு சரியில்லை, நாளைக்கு வா. கடைசியில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் தன் டி.வி.எஸ். வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். பதினைந்து நாளில் பணம் வந்தது. அந்த வாரமே கிழவி வீட்டு முகப்பில் கொடித் துணி ஏறியது. யாரும் வற்புறுத்தவில்லை, அந்தம்மாவே கேட்டு வாங்கிக் கட்டினாராம்.

"வெறும் ஆளாப் போனா வாசல்ல நிக்க வைக்கிறாங்க. கட்சிக்காரனாப் போனா உக்காருங்கறாங்க. 2025 ஜனவரியில ஊராட்சிப் பதவிக்காலமும் முடிஞ்சிருச்சு, தனி அலுவலர்னு போட்டாங்க. தண்ணி வரலைன்னா யாருகிட்டப் போவீங்க?" என்று கேட்டான். அறுபத்தொன்பது வயதுக்காரனுக்கு முப்பது வயதுக்காரன் எடுத்த பாடம். சரியான பாடமும்கூட. உரிமையாக வர வேண்டிய பென்ஷன் உதவியாக வந்து சேருகிறது என்பது எனக்குக் கசப்பாக இருக்கிறது. கிழவிக்கு அது கசக்கவில்லை.

"சேரு. ஆனா உங்க சித்தப்பாமாருங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் நீயே நேர்ல போய்ச் சொல்லிட்டுச் சேரு" என்றேன். போனான். ஒருவர் காப்பி கொடுத்தார். மற்றவர் கொடுக்கவில்லை, ஆனால் உட்காரச் சொன்னாராம்.

அக்கா என்னோடு நாலு நாள் பேசவில்லை. அதற்குள் இவன் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்துவிட்டான். அவன் பூத்துப் பட்டியலில் அத்தான் பெயர் இன்னும் இருக்கிறது. பெயர் நீக்கப் படிவம் 7 கொடுக்க வேண்டும். நிரப்பி எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடமே கையெழுத்துக் கேட்டிருக்கிறான். அக்கா படிவத்தை வாங்கி மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள். "அந்தப் பேரு அங்கயாவது இருந்துட்டுப் போகட்டும்டா" என்றாளாம். எதிர்க்கட்சி ஏஜெண்டு ஆட்சேபம் சொன்னால் என்ன செய்வது என்று இவன் என்னிடம் வந்து கேட்கிறான்.