பட்டியலில் இல்லாத டிஸ்க்

காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகமும். தெற்கே 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர். இந்தப் பக்கம் 2013இல் இயங்கத் தொடங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகம். ட்ரெய்லர்கள் இரவு பகல் பாராமல் வந்துபோகின்றன. எங்கள் கேட்டில் வண்டி நுழையும்போதும் வெளியேறும்போதும் கண்டெய்னர் எண், சீல், நாலு பக்கத் தகரம் எல்லாவற்றையும் கேமரா படமெடுத்து சர்வருக்கு அனுப்பும். சீல் எங்கே உடைந்தது, தகரம் யார் கையில் நசுங்கியது என்று தகராறு வந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

ஒருநாள் காலை கேட் சூப்பர்வைசர் போன் செய்தார்.

"தம்பி, ராத்திரி பன்னண்டு மணிக்கு மேல வந்த வண்டி எதுக்கும் படம் ஏறல. சீல் விஷயமா ஒரு டிரைவர் இங்க சண்டைக்கு நிக்கிறாரு."

"கேமரா ஓடுதா அண்ணே?"

"ஓடுது. லைவ்ல எல்லாம் தெரியுது. பழசை எடுத்துப் பார்த்தா ஒண்ணும் இல்ல."

படங்கள் சேரும் இடம் நிரம்பிவிட்டிருந்தது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டி.எஃப் கட்டளையை சர்வரில் கொடுத்துப் பார்த்தால் 100 சதவீதம். மானிட்டரிங் திரையிலோ அதே சர்வர் பச்சையாக இருந்தது. 80 சதவீதத்தில் மஞ்சள், 90இல் சிவப்பு என்று அலர்ட்கள் ஒழுங்காகவே அமைக்கப்பட்டிருந்தன. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வரைபடமே இல்லை. அப்படி ஓர் இடம் இருப்பதாகவே திரைக்குத் தெரியவில்லை. பழைய படங்களை அப்புறப்படுத்தி இடம் உண்டாக்குவது சின்ன வேலை. இருக்கிற டிஸ்க் எந்த இடத்தில் காணாமல் போனது என்று கண்டுபிடிக்க, ஐம்பது வருடத்துக்கு முந்தைய யுனிக்ஸ் வரை நான் போக வேண்டியிருந்தது.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். அது ஒற்றை டிஸ்க் அல்ல. பல சர்வர்களின் டிஸ்க்குகளைக் கோத்து ஒரே ஃபோல்டராகக் காட்டும் குளஸ்டர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். இதன் பின்னால் இருந்தவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. 2004 ஜூனில் உலக சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் இரண்டாமிடம் பிடித்த 'தண்டர்' இயந்திரத்தை லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காகக் கட்டிய கலிஃபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர். 2005இல் குளஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். 2011இல் ரெட் ஹாட் அதை ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

குளஸ்டர் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருப்பதில்லை. 2005இல் கெர்னலில் சேர்ந்த ஃப்யூஸ் என்ற வசதியின் வழியாக, ஒரு சாதாரண புரோகிராம் போல வெளியிலிருந்து இயங்குகிறது. அதனால் சர்வரில் இணைந்திருக்கும் ஃபைல் சிஸ்டங்களைச் சொல்லும் மவுண்ட் பட்டியலில் அதன் வகை 'ஃப்யூஸ் புள்ளி குளஸ்டர்எஃப்எஸ்' என்று வரும். ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற பழகிய பெயர்களுக்கு நடுவே இது கண்ணில் உறுத்தும். என் தேடலுக்கு இந்தப் பெயர்தான் முதல் தடயம்.

எங்கள் திரை அந்த சர்வரிடம் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையில் தகவல் கேட்கிறது. 1988இல் வரையறுக்கப்பட்டு இன்றும் ரவுட்டர், சுவிட்ச், யூ.பி.எஸ். எல்லாவற்றிலும் இருக்கும் நெறிமுறை அது. சென்னைக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. இன்று ஸோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது கையில் எடுத்தது நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளைத்தான். திரையை விட்டுவிட்டு, சர்வரில் கேள்விக்குப் பதில் சொல்லும் ஏஜென்டிடம் நேரடியாகக் கேட்டேன். ஸ்டோரேஜ் அட்டவணையை முழுக்க வாங்கிப் பார்த்தால் ரேம், ஸ்வாப், ரூட், பூட் எல்லாம் வரிசையாக வந்தன. குளஸ்டர் வரவில்லை. ஏஜென்டே சொல்லாததைத் திரை எப்படிக் காட்டும்?

அந்த ஏஜென்ட் நெட்-எஸ்.என்.எம்.பி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட நிரலை எடுத்து, 1990களின் நடுவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெஸ் ஹார்டேக்கர் வளர்த்தது. 2000இல் இந்தப் பெயருக்கு மாறியது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் உள்ளே போய்ப் படிக்க முடிந்தது. மவுண்ட் பட்டியலை வரிவரியாக வாசித்து ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்தின் வகையையும் ஒரு பெயர்ப் பட்டியலோடு ஒப்பிடும் பகுதி அதில் இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ், ஜேஎஃப்எஸ், ரெய்சர்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். எதோடும் பொருந்தாத வகைகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகச் சொல்லும் ஒரு குறிப்பு முடிவில் இருக்கிறது. எங்களிடம் இருந்த பதிப்பின் பட்டியலில் குளஸ்டர் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவர் பூத்தில் நின்றாலும் கணக்கில் வராதது போல, அது நூறு சதவீதம் நிரம்பியும் கணக்கில் வரவில்லை.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? ஏஜென்ட் தந்த ஸ்டோரேஜ் அட்டவணையின் வடிவத்தை வரையறுத்த ஆவணம் 1993 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 1514. பீட் கிரில்லோ, ஸ்டீவ் வால்ட்பஸர் இருவரும் எழுதியது. 2000 மார்ச்சில் அதன் திருத்தம் ஆர்.எஃப்.சி. 2790 வந்தது. ஃபைல் சிஸ்டம் வகைகளுக்கு அதில் 23 எண்கள் உண்டு. கடைசி எண் லினக்ஸின் ஈஎக்ஸ்டி2. ஈஎக்ஸ்டி3 கெர்னலில் சேர்ந்ததே 2001இல். அதற்குப் பிறகு பிறந்த எதற்கும் அந்த ஆவணத்தில் தனி எண் கிடையாது.

ஆனால் எண் 1 யாருக்குத் தெரியுமா? 'இதர வகை'க்கு. இனி என்னென்ன வரும் என்று தெரியாத காலத்தில், வருவதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். பெயர் தெரியாத ஃபைல் சிஸ்டத்தை 'இதர' என்று சொல்லி அளவைக் கொடுத்துவிடலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸையும் பிடிஆர்எஃப்எஸ்ஸையும் நெட்-எஸ்.என்.எம்.பி. அப்படித்தான் அனுப்புகிறது. ஆனால் அந்த 'இதர'வுக்குள் நுழையவும் முதலில் அதன் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஆவணம் திறந்து வைத்த கதவை நிரல் பாதி மூடியிருக்கிறது.

சரி, டி.எஃப் மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னது? 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸ் முதல் பதிப்புக் கையேட்டிலேயே டி.எஃப் இருக்கிறது. அன்று இருந்தது ஒரே வகை ஃபைல் சிஸ்டம். 1980களின் நடுவில் சன் நிறுவனம் என்எஃப்எஸ்ஸைக் கொண்டு வந்தபோது, உள்ளூர் டிஸ்க்கையும் நெட்வொர்க் டிஸ்க்கையும் ஒரே மாதிரி அணுக விஎஃப்எஸ் என்ற இடைத்தளத்தைக் கெர்னலில் அமைத்தது. லினக்ஸிலும் அதே ஏற்பாடுதான். 'மொத்தம் எத்தனை பிளாக், காலி எத்தனை' என்று ஸ்டேட்எஃப்எஸ் அழைப்பின் மூலம் கேட்டால், கெர்னல் அந்தக் கேள்வியை உரிய ஃபைல் சிஸ்டத்திடம் அனுப்பிப் பதில் வாங்கித் தரும். குளஸ்டரும் பதில் சொல்லும். கெர்னலிடம் வகை பார்த்து ஒதுக்கும் பாகுபாடு கிடையாது. பாகுபாடு அதற்கு மேலே, மானிட்டரிங் மென்பொருளில்தான் தொடங்குகிறது.

அந்தப் பட்டியல் சோம்பேறித்தனத்தில் வந்தது அல்ல. லினக்ஸில் மவுண்ட் ஆகியிருப்பவற்றில் பெரும்பாதி டிஸ்க்கே அல்ல. ப்ராக், சிஸ்எஃப்எஸ், சிகுரூப் எல்லாம் கெர்னலின் உள்விவரத்தை ஃபைல்களாகக் காட்டும் தோற்றங்கள். அவற்றையும் எண்ணினால் திரை குப்பையாகிவிடும். அதைவிடப் பெரிய காரணம் நெட்வொர்க் மவுண்ட். எதிர்முனை சர்வர் செத்துக் கிடந்தால் ஸ்டேட்எஃப்எஸ் அழைப்பு பதில் வராமல் தொங்கும். கேட்ட ஏஜென்டும் கூடவே தொங்கும். பிறகு அந்த சர்வரின் சி.பி.யூ., மெமரி விவரம்கூட வராது. இதற்காகவே என்எஃப்எஸ் மவுண்ட்களைத் தாண்டிவிடச் சொல்லும் அமைப்பு நெட்-எஸ்.என்.எம்.பி.யில் தனியாக இருக்கிறது. குளஸ்டரிலும் ஒரு சர்வர் பதில் சொல்லாவிட்டால் 42 நொடி வரை காத்திருப்பது இயல்பு அமைப்பு. எஸ்.என்.எம்.பி. கேள்வி கேட்பவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மற்ற மானிட்டரிங் மென்பொருள்களையும் இதே கேள்வியோடு பார்த்தேன். 2001இல் வெளிவந்த ஸாபிக்ஸிலும் சேர்க்கும் பட்டியல்தான். பிடிஆர்எஃப்எஸ், ஈஎக்ஸ்டி, எக்ஸ்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் என்று இயல்பாகவே எழுதப்பட்டு வருகிறது. ஃப்யூஸ் வகைகள் அதில் இல்லை. நிர்வாகத் திரையிலேயே திருத்திக்கொள்ளலாம் என்பது வசதி. பைத்தானின் பிஎஸ்யூடில் கெர்னலின் ஃபைல் சிஸ்டம் பட்டியலைப் பார்த்து, 'நோடெவ்' என்று குறித்தவற்றை, அதாவது நேரடி டிஸ்க் கருவி தேவைப்படாதவற்றை விட்டுவிடும். இசட்எஃப்எஸ்ஸும் அப்படிக் குறிக்கப்பட்டிருப்பதால் அதற்கு மட்டும் விதிவிலக்கு எழுதியிருக்கிறார்கள். ப்ரொமீத்தியஸின் நோட் எக்ஸ்போர்ட்டர் எதிர்த் திசையில் போகிறது. விட வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, மற்ற எல்லாவற்றையும் காட்டும். 5 நொடிக்குள் பதில் தராத மவுண்ட்டைச் சிக்கியது என்று ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடரும், கோளாறு என்பதையும் ஒரு அளவாக அனுப்பும். புதிதாக வருகிற ஒன்று தானாகத் திரைக்கு வர வேண்டுமென்றால் இந்த முறைதான் சரி என்பது என் முடிவு.

எங்கள் யார்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை க்ரான் வழியாக ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடும். நேரக் கெடு வைத்து டி.எஃப்பைக் கூப்பிட்டு, எண்களையும் அப்போதைய நேரத்தையும் ஒரு ஃபைலில் எழுதும். நெட்-எஸ்.என்.எம்.பி.யின் 'எக்ஸ்டெண்ட்' வசதி அந்த ஃபைலை மட்டும் வாசித்துப் பதில் சொல்லும். குளஸ்டர் தொங்கினாலும் ஏஜென்ட் தொங்காது. ஃபைலில் இருக்கும் நேரம் பழசாகிவிட்டால் அதற்கும் அலர்ட் உண்டு.

டி.எஃப் சொல்லும் மொத்தக் கணக்கும் போதாது. குளஸ்டரில் ஒரு ஃபைல் எந்த சர்வரின் டிஸ்க்குக்கு, அதாவது எந்த ப்ரிக்குக்குப் போக வேண்டும் என்பதை அதன் பெயரிலிருந்து கணக்கிடுகிறார்கள். மொத்தத்தில் இடமிருக்கும்போதே ஒரு ப்ரிக் நிரம்பலாம். காலி இடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் புதிய ஃபைலை வேறு ப்ரிக்குக்குத் திருப்பும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே அங்கே வளரும் ஃபைல் அங்கேயேதான் வளரும். ஆகவே ஒவ்வொரு ப்ரிக்கையும் தனித்தனியாகப் பார்க்கிறோம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய ஐநோடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தோம். கேமரா படம் போல லட்சக்கணக்கில் சிறு ஃபைல்கள் குவியும் இடத்தில் பைட் மிச்சமிருந்தும் ஐநோடு தீர்ந்து எழுத முடியாமல் போகும். பெரிய டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 1993இன் அட்டவணையில் அளவு 32 பிட் எண். 4096 பைட் பிளாக்கில் 8 டெராபைட்டைத் தாண்டினால் அது கொள்ளாது. நெட்-எஸ்.என்.எம்.பி. பிளாக் அளவைப் பெருக்கிக் காட்டிச் சமாளிக்கிறது. வேறு ஏஜென்ட் என்றால் எண்ணைச் சரிபாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது கடைசியாகச் சேர்த்த ஒன்றை. சர்வரில் மவுண்ட் ஆகியிருப்பவை ஒரு பக்கம், திரையில் வருபவை மறுபக்கம், காரணத்தோடு வேண்டாம் என்று நாங்களே எழுதி வைத்தவை மூன்றாவது. முதலாவதில் இருந்து மற்ற இரண்டிலும் இல்லாத எதுவானாலும் அன்றே அலர்ட் வரும். ப்ரொமீத்தியஸில் 'ஆப்சென்ட்', ஸாபிக்ஸில் 'நோடேட்டா' என்று, வந்துகொண்டிருந்த தகவல் நின்றால் எச்சரிக்கும் செயல்பாடுகள் இருக்கின்றன. அவையும் தேவை. ஆனால் ஒருமுறைகூட வராத ஒன்றை அவை தாமாகக் கண்டுபிடிக்காது. அதற்கு இந்த ஒப்பீடுதான் வழி.

குளஸ்டருக்கு ரெட் ஹாட் தந்த வணிக ஆதரவு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. நாளை நாங்களும் வேறொன்றுக்கு மாறுவோம், அதுவும் ஏதோ ஒரு பட்டியலில் இல்லாமல்தான் வரும். மருத்துவமனையோ, கூட்டுறவு வங்கியோ, கல்லூரியோ, சர்வர் வைத்திருக்கும் யாரும் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். டி.எஃப் கட்டளையை வகையோடு காட்டச் சொல்லி ஓடவிடுங்கள். அது தரும் ஒவ்வொரு வரியும் உங்கள் மானிட்டரிங் திரையில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். விரல் வைக்க இடமில்லாத வரி ஒன்று இருந்தாலும், அதை இன்று மாலைக்குள் சேர்த்துவிடுங்கள்.