விடுதிப் பூனைகள் மூன்று

பூனை வீட்டு விலங்கே; ஆயினும் எல்லாப் பூனைகளுக்கும் வீடு வாய்ப்பதில்லை. எமது கல்லூரி விடுதியின் விறகுக் கொட்டிலிற் பிறந்து வளர்ந்த மூன்று பூனைகளும் எவருக்கும் உரியனவல்ல. எனினும், மாணவர் உண்ணும் வேளையை மணி அடிக்குமுன்னரே அவை அறிந்திருந்தன. எமது விடுதி சைவ விடுதி. ஆதலின் நாம் அளித்தது தயிர்ச்சோறு. அவை தாமே தேடிக்கொண்டது எலி.

மூன்றும் ஓர் ஈற்றிற் பிறந்தவை, குணத்தாலோ வெவ்வேறானவை. வெள்ளைப் பூனை வாலை உயர்த்திக்கொண்டு வந்து எம் காலில் உரசி நிற்கும். கடுவன் எவரையும் பொருட்படுத்தாது குசினி வாசலிற் படுத்திருக்கும். அயற் பூனை வந்தால் மட்டுமே எழும். சாம்பல் நிறப் பூனை எமது காலடி ஓசை கேட்டதும் கிடுகு வேலியினூடே மறைந்துவிடும். சோற்றை வைத்து நாம் விலகிய பின்னரே வந்து, நாற்புறமும் பார்த்துப் பார்த்து உண்ணும்.

ஒருமுறை குசினியிற் பால் நாள்தோறும் குறைந்தது. கள்ளப்பூனை எது என்று விடுதிப் பொறுப்பாளர் வினவினார். "சாம்பல் பூனையாய்த்தான் இருக்கும்" என்று நாமே கூறினோம். கண்டோமா? இல்லை. எம்மைக் கண்டு ஓடுகின்றதே, அது போதாதா? நாம் வைத்த சோற்றை உண்ணுகையில் அது பிடிபட்டது. சாக்கிற் கட்டித் தொலைவிலே ஒரு சந்தையடியில் விட்டுவந்தனர்.

மூன்றாம் நாளிரவு, விடைத்தாள் திருத்திக் களைத்துத் தண்ணீர் அருந்தக் குசினிக்குச் சென்றோம். பாற்சட்டியினுள் தலையை விட்டு நின்றது வெள்ளைப் பூனை! எம்மைக் கண்டு அது ஓடவுமில்லை. வாயை நக்கிக்கொண்டு காலில் உரச வந்தது.

பிறந்த 2ஆம் வாரத்துக்கும் 7ஆம் வாரத்துக்கும் இடையில் மனிதர் கைபட்டு வளரும் குட்டி மனிதரை அஞ்சுவது குறைவு. அக்காலம் தவறின் அச்சம் எளிதில் நீங்காது என்பர் விலங்கியலார். தந்தைப் பூனையின் துணிவும் குட்டிகளிற் படியுமாம்; ஓர் ஈற்றுக் குட்டிகளுக்குத் தந்தையர் வேறாதலும் உண்டு. மாணவர் மடியில் வைத்துக் கொஞ்சியது வெள்ளைக் குட்டியையே. சாம்பற் குட்டி விறகின் அடியிலேயே கிடந்தது. அதன் ஓட்டம் அச்சத்தின் அடையாளம், களவின் அடையாளமன்று. தொல்காப்பிய மரபியல் படிப்பிக்கும் எமக்கு, வெருகின் பிள்ளையைக் குட்டி என்று சொல்லத் தெரிந்திருந்தது; குட்டிக்குக் குட்டி குணம் வேறென்பது தெரிந்திருக்கவில்லை.

அவ்வாரமே வகுப்பில் ஒரு பேனை காணாமற் போயிற்று. எம் கண் முதலிற் சென்றது, கடைசி வாங்கிலே தலைகுனிந்திருந்த மாணவனிடம். எழுந்து நிற்கும்படி கூற வாயெடுத்த நாம், சாக்கினுள் துடித்த பூனையை நினைத்து அடங்கினோம். பேனை, உரியவனின் புத்தகத்தினுள்ளேயே கிடந்தது.

அம்மாணவன் இன்றும் எம் முகத்தை நேரே பார்த்துப் பேசுவதில்லை. அவன் தானாக வரும்வரை சற்று விலகி நிற்க நாம் பழகிவருகின்றோம். சாம்பல் பூனைதான் திரும்பி வரவேயில்லை.