ஐந்து ஆட்டங்களும் ஒரு வாக்கும்

விளையாட்டுச் செய்திகளைத் தாண்டிச் செல்லும் வாசகன் நான். இருந்தும், அமெரிக்காவில் குடியேறிவிட்ட என் பழைய மாணவர் ஒருவர் எழுதும் மின்னஞ்சல்களால் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் கதை என்னைப் பற்றிக்கொண்டது. கால்பந்து என்றதும் நம்மூர் ஆட்டத்தை நினைக்க வேண்டாம். இது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் விதிகள் எனக்கு இன்றும் அரைகுறைதான். என்னை ஈர்த்தது, அவர்கள் யாருடன், எந்த உடன்பாட்டின் பேரில் ஆடுகிறார்கள் என்பது.

அங்கே பெரிய கல்லூரி அணிகள் ஏறத்தாழ எல்லாமே ஏதேனும் ஒரு கூட்டமைப்பில் அடக்கம். யாருடன் ஆடுவது என்பதைக் கூட்டமைப்பே பெரும்பாலும் வகுத்துவிடும். இண்டியானா மாநிலத்தின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்ர டாம் மட்டும் கால்பந்தில் தனித்தே நின்றுவருகிறது. தொடக்கத்தில் அது விரும்பி ஏற்ற தனிமை அன்று. பின்னாளில் பிக் டென் என்று பெயர்பெற்ற கூட்டமைப்பு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. கத்தோலிக்கர் மீதான வெறுப்பும் ஒரு காரணம் என்பர். எதிராளிகளைத் தேடி நாடெங்கும் பயணம் செய்த அணிக்கு நாடெங்கும் ரசிகர்கள் சேர்ந்தார்கள். 1991 முதல் அதன் உள்ளூர் ஆட்டங்களை என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிவருகிறது. 1999இல் அதே பிக் டென் அழைத்தபோது, மறுப்புச் சொன்னது நோட்ர டாம்.

ஆனால் தனித்திருப்பவனுக்கும் ஆட எதிராளி வேண்டுமல்லவா? அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்ற அணிகள் தத்தம் கூட்டமைப்புக்குள் ஆடப் போய்விடும். அப்போது நல்ல எதிரணி கிடைப்பது அரிது. 2012 செப்டம்பரில் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்புடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கால்பந்து நீங்கலாக ஏனைய பெரும்பாலான விளையாட்டுகளில் நோட்ர டாம் அதில் உறுப்பினராகும். கால்பந்தில் ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களை அக்கூட்டமைப்பின் அணிகளோடு ஆடும். 2014இல் இது நடைமுறைக்கு வந்தது. பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். எஞ்சிய ஏழும் அதன் விருப்பம்.

2020இல் பெருந்தொற்றால் கூட்டமைப்புகள் தங்களுக்குள் சுருங்கியபோது, அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் கால்பந்திலும் முழு உறுப்பினராக ஆடியது. தொலைக்காட்சி வருவாயையும் பகிர்ந்துகொண்டது. இறுதியாட்டத்தில் கிளெம்சனிடம் தோற்று, மறு ஆண்டே தன் வழியில் திரும்பியது.

பாதி உறவுக்கான விலை 2025இல் தெரிந்தது. முதல் ஆட்டத்தில் மையாமியிடம் 24-27 என்று தோற்றது. அதுவும் அந்த ஐந்தில் ஒன்று. பருவ முடிவில் இரு அணிகளும் பத்து வெற்றி, இரண்டு தோல்வி. தேசியச் சுற்றில் மையாமி இடம்பெற்றது. நோட்ர டாம் வெளியே நின்றது. தேர்வுக்கு முன் கூட்டமைப்பு தன் முழு உறுப்பினரான மையாமிக்காகவே பேசியது. நோட்ர டாம் கடுமையாக மனம் நொந்தது. எனக்கோ கூட்டமைப்பைக் குறைசொல்லத் தோன்றவில்லை. திண்ணையில் அமர்ந்தவருக்காக வீட்டுப்பிள்ளையை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

புறநானூற்றில் பாரியை நடத்தும்போதெல்லாம், மூவேந்தருக்கு அடங்காத ஒரு சிறு குன்று எதை நம்பி நின்றது என்று மாணவர்களைக் கேட்பேன். நோட்ர டாமை வைத்து யோசித்தால் பணமும் புகழும் உடனே விடையாக வரும். எனக்கு வேறொன்றும் தெரிகிறது.

இரண்டாம் உலகப்போரின்போது மாணவர் எண்ணிக்கை சரிந்து அப்பல்கலைக்கழகம் தத்தளித்தது. கடற்படை அங்கே பயிற்சித் திட்டம் நடத்தியதால் அது மீண்டது. அந்த நன்றிக்காக, கடற்படைக் கல்லூரி விரும்பும் வரை அதனுடன் ஆடுவோம் என்று வாக்களித்தார்கள். 1927இல் தொடங்கிய அந்த ஆட்டம் 2020 பெருந்தொற்றில் மட்டுமே தடைபட்டது. 1964 முதல் 2006 வரை 43 ஆண்டுகள் கடற்படை தொடர்ந்து தோற்றது. 2007இல் மூன்று கூடுதல் சுற்றுகளுக்குப் பின் 46-44 என்று வென்றது. வென்றாலும் தோற்றாலும் அட்டவணையில் அந்த இடம் மாறவில்லை.

ஐந்து ஆட்டங்களுக்கான ஒப்பந்தத்தை வழக்கறிஞர்கள் எழுதியிருப்பார்கள். அதில் கசப்பு வந்துவிட்டது. செய்ந்நன்றியில் பிறந்த வாக்கில் இன்றுவரை அது வரவில்லை. கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டால் ஆண்டு அட்டவணையை வேறொருவர் எழுதுவார். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதைத் தானே நினைவில் வைத்து, அதற்கென ஒரு நாளை ஒதுக்கும் உரிமை அப்போது குறைந்துபோகும். அந்த உரிமைக்காக அவர்கள் வெளியே நிற்பதானால், நிற்கட்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.