காரை நாங்களே திருத்துவதா, பாஸிடம் கொடுப்பதா?

கொஞ்சம் நீளமான பதிவு. மலைநாட்டில் பழைய கார் ஓட்டுகிறவர்கள் அவசரப்படாமல் வாசியுங்கள். மற்றவர்கள் ஒரு தேத்தண்ணியோடு உட்காருங்கள்.

நாங்கள் நாலு ஆசிரியர்கள் ஒரே காரில் போகிறோம். ஹட்டனில் இருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டி, மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதையில் ஏறினால் பாடசாலை. கார் எங்களில் ஒருவருடையது. பெற்றோல், டயர், திருத்த வேலை எல்லாம் நாலாகப் பிரிப்போம். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த கொரோலா 110. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது புதுக் கார் வருகிறது, ஆனால் வரியையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் சம்பளத்துக்கு அது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற சாமான். ஆகவே இந்தக் கார்தான். இதைத்தான் எங்கள் பாதைக்கு ஏற்ற மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் லீவுக்கு முன்னால் ஒரு லிஸ்ட் போட்டோம். கல் பாதையில் அடி தட்டுகிறது, காரைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். பனிமூட்டத்தில் லைட் போதாது, அதை மாற்ற வேண்டும். முன் பிரேக் சத்தம் போடுகிறது, பேட் மாற்ற வேண்டும். பஞ்சிகாவத்தைக்குப் போனால் மூன்றுக்கும் சாமான் கிடைக்கும். யூடியூப்பில் சிங்களத்திலும் தமிழிலும் வீடியோ இருக்கிறது. "லேபர் காசு மிச்சம் சேர், நாமளே செய்வோம்" என்றார் கணித ஆசிரியர்.

அவர் சும்மா சொல்லவில்லை. 2022 எங்களுக்குக் கை வேலை பழக்கிய வருடம். அந்த ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பிறகு கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று பிளக் கழற்றித் துடைத்தோம், எயார் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தோம், டயருக்குக் காற்று சரியா என்று கிழமைக்கு ஒருமுறை பார்த்தோம். ஒயில் மாற்றுவதும் பெட்டரி டெர்மினலில் பூத்த வெள்ளைத் தூளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் அப்போது பழகியதுதான். இவற்றுக்காக யாரும் கராஜுக்குப் போக வேண்டியதில்லை, இன்றைக்கும் அதுதான் எங்கள் கருத்து.

ஆனால் இந்த மூன்று வேலையும் அப்படிப்பட்டவையா? அதைத்தான் ஒரு பின்னேரம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் பேசினோம்.

லைட்டை முதலில் எடுத்தோம், அதில்தான் எல்லோருக்கும் ஆசை. கடையில் இரண்டு வழி காட்டுகிறார்கள். ஒன்று, கூடுதல் வோட் ஹெலஜன் பல்ப். எங்கள் எச்4 பல்ப் 60க்கு 55 வோட். அதன் இடத்தில் 100 வோட் போட்டால் பல்ப் ஒன்றுக்கு 5 அம்பியருக்குப் பதிலாக 8க்கு மேல் போகும், இரண்டுக்கும் சேர்த்து 16க்கும் அதிகம். இருபத்தைந்து வருடப் பழைய வயரும் சுவிட்சும் அதைத் தாங்குமா? தனியாக ரிலே போட்டு, தடித்த வயர் இழுத்து, ஃபியூஸ் வைத்தால் தாங்கும். பல்பை மட்டும் மாற்றினால் ஒரு நாள் டேஷ்போர்டுக்குள் இருந்து பிளாஸ்டிக் உருகும் மணம் வரும். மற்ற வழி எல்.ஈ.டி. அது கரண்டைக் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் ஹெலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டர், அந்த மெல்லிய இழை இருக்கிற புள்ளியை வைத்துக் கணக்குப் பண்ணியது. ஒளி வேறு இடத்தில் இருந்து வந்தால் சிதறும். எங்களுக்கு வெளிச்சம் கூடின மாதிரி இருக்கும், எதிரே தேயிலை லொறி ஓட்டி வருகிறவருக்குக் கண் கூசும். பனிக்குள் அந்த வெள்ளை ஒளி திரும்பி எங்கள் முகத்திலேயே அடிக்கும்.

அப்போ என்ன செய்வது? மங்கிப் போயிருந்த லைட் கண்ணாடியை மெட்டாலித் தாள் போட்டுத் தேய்த்துப் பொலிஷ் பண்ணினோம், புது பல்ப் அதே அளவில் போட்டோம். ஒரு சனிக்கிழமை வேலை. வெளிச்சம் எவ்வளவு கூடியது என்று நாங்களே நம்பவில்லை.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறம், எஞ்சின் போன்றவற்றை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' ஆரம்பித்த நாட்களில் பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்தவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் பிடித்தது ஞாபகம் இருக்கும். சாரதிகள் கோபப்பட்டார்கள். ஹோர்னும் கலர் லைட்டும் அவர்களுக்கு அலங்காரம், சரி. ஆனால் பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி பூட்டினால் அது பாதையில் நடந்து போகிற பிள்ளையின் பிரச்சினை. இன்னொன்று, காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லாத மாற்றம் விபத்து நாளில்தான் பேசும்.

பிறகு பிரேக். இதில்தான் சண்டை.

விஞ்ஞான ஆசிரியர் சோக்கை எடுத்தார். ஹட்டன் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,270 மீற்றர் உயரம். கினிகத்தேன வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கும்போது 1,000 மீற்றருக்கு மேல் கீழே வருகிறோம். காரும் நாங்களும் சேர்த்து 1,200 கிலோ என்று வைத்தால், 1,000 மீற்றர் இறங்க வெளிவரும் சக்தி கிட்டத்தட்ட 11.8 மெகாஜூல். 35 லீற்றர் தண்ணீரை 20 பாகையில் இருந்து கொதிக்க வைக்க அது போதும். கலியாண வீட்டுக் கிடாரம் ஒன்று! காற்றும் டயரும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இரண்டாவது கியரில் எஞ்சினிடம் கொடுக்காவிட்டால், கையளவு பேட் நாலும் பின் ட்ரம் இரண்டும்தான் வாங்க வேண்டும்.

பேட் சூடானால் பிடி குறையும். பிரேக் ஒயிலும் சூடாகும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 பாகைக்குக் குறையாது. அது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். ஈரம் ஏறிய பிறகு 140க்கு இறங்கலாம். எங்கள் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, அலுமாரிக்குள் இருக்கிற சப்பாத்தே பூஞ்சணம் பூக்கிறது. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. பெடல் சும்மா கீழே போகும்.

இதில் ஊரில் ஒரு பழக்கம் வேறு. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்று. கார்பரேட்டர் காலத்து நினைப்பு. ஈஎஃப்ஐ எஞ்சின்களில் பெரும்பாலானவை, கியரில் போட்டு எக்ஸலேட்டரை விட்டு இறங்கும்போது பெற்றோலை முழுதாக வெட்டிவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் தூங்காமல் இருக்கப் பெற்றோல் குடிக்கும். சிலர் எஞ்சினையே நிறுத்துகிறார்கள். பிரேக்குக்கு உதவி செய்கிற வெக்யூம் எஞ்சினில் இருந்து வருவது. இரண்டு மூன்று தரம் மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும்.

2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி, வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்த 7 பேர் மௌத்தானதை நாங்கள் மறக்கவில்லை. 2025 மே 11 கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருக்கும். பாதை ஒன்றுதான், நாங்களும் அதில்தான் இறங்குகிறோம்.

கணித ஆசிரியர் விடவில்லை. "பேட் மாத்துறது நாலு போல்ட் வேலை சேர்." உண்மைதான், வீடியோவில் பன்னிரண்டு நிமிடம். நாங்கள் கேட்டது ஒன்றுதான்: எட்டு வருடம் கராஜில் நின்று ஒருவர் பழகியதைப் பன்னிரண்டு நிமிடத்தில் பழகலாம் என்றால், ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்ததையும் யாராவது வீடியோ பார்த்துப் பழகிவிடலாம் என்று ஒரு பெற்றார் வந்து சொன்னால் சும்மா இருப்போமா? அவர் சிரித்துவிட்டார்.

எங்களில் இரண்டு பேர் முஸ்லிம்கள். எங்கள் பக்கத்தில் இருந்தும் ஒரு விஷயம் சொன்னோம். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. எங்கள் பிரேக்கை நாங்களே பூட்டினால் அந்தக் காரில் பிள்ளைகளையும் ஏற்றுகிறோம். மழை நாளில் பாதையில் நிற்கிற பிள்ளையை விட்டுவிட்டா போகிறோம்? ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசக் கூடாது என்றதும், பக்கத்தில் இருந்த தமிழ் டீச்சர், "அந்த ஒட்டகத்தை யாரு கட்டுறதுன்னுதான் இப்ப பிரச்சினையே" என்றார்.

ஹட்டனில் எங்களுக்குத் தெரிந்த பாஸிடம் கொண்டு போனோம். எங்கள் லிஸ்டில் முன் பேட் மட்டும்தான். அவர் நாலு வீலையும் கழற்றச் சொன்னார். கழற்றியது எங்கள் பாடசாலையில் ஓஎல் வரை படித்த பையன். பின் ட்ரம்மைத் தட்டி இழுத்தான், உள்ளே ரப்பரை மெல்ல விலக்கி விரலால் தொட்டுக் காட்டினான்.

"சேர், இங்க பாருங்க, வீல் சிலிண்டர் கசியுது. இன்னும் வெளிய வரல, அதான் ஒயில் குறைஞ்சது உங்களுக்குத் தெரியல."

முன் டிஸ்க்கை வேர்னியர் வைத்து மூன்று இடத்தில் அளந்து, "தடிப்பு இருக்கு சேர், டிஸ்க் மாத்த வேணாம்" என்றான். ஒரு சாமானின் காசு அந்த வார்த்தையில் மிச்சமானது. வேர்னியர் அளவீட்டைக் கரும்பலகையில் எத்தனை தரம் கீறிக் காட்டியிருப்போம். அவன் வாசித்த வேகத்துக்கு எங்களில் ஒருவரும் வாசிக்க மாட்டோம். அவனிடம் சான்றிதழ் ஒன்றும் இல்லை. கோர்ஸ் போகாமலே வேலை அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.க்யூ. கொடுக்கும் முறை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறோம். ஃபோர்மை எங்களோடு உட்கார்ந்து நிரப்ப வருகிறேன் என்றிருக்கிறான், இன்ஷா அல்லாஹ்.

இரண்டு பக்கமும் சிலிண்டர் கிட், முன் பேட், ஒயில் முழுதும் மாற்றி எயார் எடுத்தது, எல்லாவற்றுக்கும் ஒரு நாள் போனது. லேபரை பாஸ் சொன்னபோது யாரும் பேரம் பேசவில்லை. ஒயில் பிடித்த பழைய போத்தலைக் காட்டினார், கறுத்த பிளேன்டி நிறம்.

உயர்த்துகிற விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. டயரின் விட்டம் 5 வீதம் கூடினால் அதே மிதிக்குப் பிரேக் பிடி கிட்டத்தட்ட 5 வீதம் குறையும், மீற்றர் 60 காட்டும்போது நாங்கள் 63 இல் போவோம், ஏற்றத்தில் முதல் கியரும் இழுக்காது. அதனால் பெரிய டயர் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் போடலாமா என்பதில் இரண்டுக்கு இரண்டு. பாஸ், "அதைப் போட்டா வளைவுல வண்டி வேற மாதிரி திரும்பும், முதல்ல சம்ப்புக்குக் கீழ ஒரு தகடு போட்டுப் பாருங்க" என்கிறார். தகடு அளவெடுத்தாகிவிட்டது. அதைப் பூட்டுவது எங்கள் வேலை, இந்தச் சனிக்கிழமை. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் 110க்கு ஸ்பிரிங் ரப்பர் போட்டு ஒரு மாரியாவது ஓட்டியவர்கள் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். கணித ஆசிரியர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.