அம்மா என்ன கலர்?

கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது அந்த ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ் படம், லேமினேஷன், ஜெராக்ஸ்... இன்றைக்கு அன்றாடப் பிழைப்பு இவைதான். ஆனாலும் மங்கிப்போன பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு மாதத்துக்கு நாலைந்து பேராவது வந்துவிடுகிறார்கள்.

தை மாதம் வந்தவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். “அண்ணே, அம்மா படம் இது ஒண்ணுதான் இருக்கு. எனக்கு மூணு வயசுல போயிட்டாங்க. புது வீட்டு ஹால்ல பெருசா மாட்டணும்” என்றார். மொபைல் ஆப் ஒன்றில் போட்டுப் பார்த்தாராம். படம் பளிச்சென்று வந்தது. கண் மட்டும் வேறு யாருடையதாகவோ ஆகிவிட்டதாம்.

1981-ல், கல்யாணமான புதிதில் எடுத்த கலர் படம். நாற்பது வருடத்துக்கும் மேலாக பீரோவுக்குள் ஆல்பத்தில் இருந்திருக்கிறது. படம் முழுக்க சிவப்பேறியிருந்தது. அப்பாவின் வேட்டி ரோஸ் நிறம். அம்மாவின் கூந்தல் செம்பட்டை. முகமோ ரோஜாப்பூ.

“அம்மா நல்ல கலர்ண்ணே” என்றார் மகன், பெருமையாக. நம் ஊரில் ‘கலர்’ என்றால் அது ஒரே ஒரு கலர்தானே!

ஸ்டூடியோக்காரருக்கு அந்தச் சிவப்பு பழகிய சமாசாரம். அந்தக் காலத்து கலர் பிரின்ட்டில் மூன்று சாயங்கள் உண்டு: மஞ்சள், மெஜந்தா, பச்சையும் நீலமும் கலந்தாற்போன்ற சியான். இருட்டில் கிடந்தாலும் பல பிரின்ட்களில் முதலில் வெளுப்பது சியான்தான். சிவப்பு ஒளியைத் தடுத்துவைப்பது அதன் வேலை. காவல்காரன் போனதும் சிவப்பு எல்லா இடத்திலும் வழிந்துவிடுகிறது.

படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திறந்தார். கலர் படம் என்று நாம் பார்ப்பது உண்மையில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் கூட்டு: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. இவற்றைத்தான் சேனல் என்கிறார்கள். யோசனை புதிதல்ல. 1861-லேயே லண்டனில் மேக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி ஒரு ரிப்பனை மூன்று நிற வடிகட்டிகள் வழியாக மூன்று முறை படமெடுக்க வைத்து, மூன்றையும் ஒரே திரையில் விழச் செய்து கலர் காட்டியிருக்கிறார்.

சிவப்பு சேனலை மட்டும் தனியாகப் பார்த்தால், சோடா உப்பில் ஊறிய துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. பச்சை சேனலில் புருவம், கழுத்துச் சங்கிலி, புடவை மடிப்பு எல்லாம் பத்திரமாக இருந்தன. இங்கேதான் சேனல் மிக்ஸர் வேலைக்கு வருகிறது. போட்டோஷாப்பில் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் காபிப்பொடி கடன் வாங்குகிற மாதிரி, ஒரு சேனலுக்கு இன்னொரு சேனலிலிருந்து விவரத்தைக் கடன் வாங்கலாம். முதலில் சிவப்பு 100, பச்சை 0, நீலம் 0 என்று இருக்கும். அதை அவர் சிவப்பு 55, பச்சை 45 என்று மாற்றினார். கூட்டினால் 100 வர வேண்டும். இல்லையென்றால் வெளிச்சம் ஏறும் அல்லது இறங்கும். ஆசைப்பட்டு முழுவதையும் பச்சையிலிருந்தே எடுத்தால், நெற்றிக் குங்குமத்தின் சிவப்பே காணாமல் போய்விடும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முகத்தைப் பார்த்து நிறம் திருத்த மாட்டார். மானிட்டரில் முகம் இருக்கும் இடத்தில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவிடுவார். கூந்தல் கறுப்பாக வேண்டும், வேட்டியும் மல்லிகைப்பூவும் வெள்ளையாக வேண்டும். அதுவரைக்கும்தான் அவர் வேலை. அன்றும் அப்படியே செய்துவிட்டு, சீட்டை எடுத்தார்.

அம்மா கறுப்பு. மாநிறம்கூட இல்லை, நல்ல கறுப்பு. களையான முகம்.

கொஞ்ச நேரம் மௌஸில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தொழில் பழகிய காலத்தில் நெகட்டிவில் பென்சில் ஓட்டி எத்தனையோ கல்யாணப் பெண்களை வெளுக்க வைத்த கை அது. இப்போது பென்சில்கூட வேண்டாம். 55-ஐ 75 ஆக்கினால் மகன் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் மாற்றவில்லை.

மறுநாள் வந்த மகன், “என்னண்ணே, கறுத்துப்போச்சு! இது எங்க அம்மா இல்லண்ணே” என்றார். குரலில் கோபத்தைவிடப் பதற்றம்தான் அதிகம்.

“தம்பி, நான் முகத்துல கை வைக்கல. முடியைப் பாருங்க, வேட்டியைப் பாருங்க.”

மகன் பதில் சொல்லவில்லை. மானிட்டரை மொபைலில் படம் எடுத்து, திருவிடைமருதூரில் இருக்கும் அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

சாயங்காலம் அப்பாவே பஸ் ஏறி வந்துவிட்டார், கையில் ஒரு மஞ்சள் பையோடு. மானிட்டர் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இவதான்.”

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “வெளுத்த படத்தைப் பாத்துப் பாத்து எனக்கே மறந்துபோச்சுப்பா” என்றார் பெரியவர். “பொண்ணு பாத்துட்டு வந்தன்னிக்கே உன் அப்பாயி, கறுப்பா இருக்கு, வேண்டாம்னுச்சு. நான்தான் கேக்கல.”

மஞ்சள் பையிலிருந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிய பட்டுப்புடவை ஒன்று வந்தது. கத்திரிப்பூ நிறம். படத்தில் அவள் கட்டியிருப்பது இதுதானாம். பழைய பிரின்ட்டில் அது அரக்காகத் தெரிந்ததால், அம்மாவுக்கு அரக்குதான் பிடிக்கும் என்று இத்தனை நாளும் நம்பியிருக்கிறார் மகன். மனைவிக்கும் அதே நிறத்தில் இரண்டு புடவை எடுத்துக் கொடுத்திருக்கிறாராம்.

ஸ்டூடியோக்காரர் புடவையை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தில் நீலம் ஒரு இழை குறைவாகத் தெரிந்தது. நிழல் பகுதிகளில் மட்டும் கொஞ்சம் ஏற்றி, கூந்தலும் வேட்டியும் மாறவில்லையே என்று சரிபார்த்துக்கொண்டார். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அது முடிகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

“ஹாலுக்கு இதையே போடுங்க” என்றார் மகன். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“அண்ணே, அந்தச் சிவப்புப் படத்தையும் அப்படியே ஒரு காப்பி போட்டுடுங்க. பர்ஸ் சைஸ்ல.”